ஆறு மணி மாத்திரை

"ஏப்பா, எதிரி ஓடுனா நீங்க தொரத்திப் புடிப்பீங்களா? இல்ல, அவன் திரும்பி வார வரைக்கும் இப்படியே உக்காந்துக்குவீங்களா?"

நாமக்கல் மலைக்கோட்டைப் படிக்கட்டில் இனியா ஒருநாள் கேட்ட கேள்வி இது. அப்போது அவளுக்கு ஏழு வயது. கேட்டதில் குறும்பு எதுவும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பதில் சொல்ல வேண்டிய அவள் அப்பா, ஹவில்தார் அன்பழகன், பாதிப் படியில் உட்கார்ந்து வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"எதிரியும் களைச்சிருப்பான் கண்ணு," என்றார் ஒருவழியாக.

அந்தப் பதில் அவருடைய படைப்பிரிவில் எடுபடவில்லை. விடுமுறை முடிந்து போனதும் தேர்வு வைத்தார்கள். முதுகில் பை, கையில் துப்பாக்கி, ஐந்து கிலோமீட்டர், முப்பது நிமிடம். அன்பழகன் நாற்பது விநாடி தாமதமாக வந்தார். அந்த நாற்பது விநாடியில் நாயப் சுபேதாராகும் பதவி உயர்வு கைநழுவிப் போயிற்று. இன்னும் ஒரே ஒரு வாய்ப்புதான் உண்டு. அதிலும் தவறினால் ஹவில்தாராகவே பெட்டி கட்டிக்கொண்டு சொந்த ஊரான எருமப்பட்டிக்கு வந்துவிட வேண்டியதுதான்.

அங்கே உடற்பயிற்சி கொடுக்கும் இளைஞர் ஒருவர் அவரைத் தனியாக அழைத்து இந்தியில் சொன்னார்: "வெறுமனே ஓடிப் பழகாதீர்கள். மலையில் காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டி வரும். அவனுக்குக் கைப்பிடி கிடையாது. குலுங்கினால் வலிக்கும். நேரத்துக்குச் சேராவிட்டால் சுமந்ததற்கே பயனில்லை. அந்த வேலைக்கு ஏற்ற உடம்பைத் தயார் செய்யுங்கள்."

அடுத்த வருடம் நாற்பது நாள் விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, இந்த வார்த்தைகளையும் இனியாவுக்காகக் கேன்டீனில் வாங்கிய ஒரு டப்பா பச்சைப் புதினா மிட்டாயையும் கொண்டுவந்தார் அன்பழகன்.

மறுநாள் விடியற்காலை பையில் பதினைந்து கிலோ மணலைக் கொட்டிக் கட்டினார். தெருமுனைப் பிள்ளையார் கோயில் சுவரில் ஆஞ்சநேயர் படம் ஒன்று உண்டு. "மலையையே தூக்கிட்டுப் பறந்தவரே, எனக்குப் பதினஞ்சு கிலோ போதும்," என்று கும்பிட்டுவிட்டு, மேட்டுக்காட்டை நோக்கி ஓடத் தொடங்கினார். போக இரண்டரை கிலோமீட்டர், வர இரண்டரை.

நூறு அடி போவதற்குள், மளிகைக் கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அறிவுச்செல்வி வழிமறித்தாள்.

"ஏனுங்க தம்பி, பையில என்னங்க?"

"மண்ணுங்க அக்கா."

"மண்ணா! எங்க கொண்டுபோய்ப் போடறீங்க?"

"எங்கயும் இல்லீங்க. மேட்டுக்காடு வரைக்கும் சொமந்துட்டுப் போயி, திரும்ப இங்கயே கொண்டாந்துருவேன்."

அறிவுச்செல்வி அவரை மேலும் கீழும் பார்த்தாள். எல்லையில் என்ன நேர்ந்ததோ பாவம் என்ற பார்வை அது.

"யாருக்கும் ஆகாத மண்ணச் சொமக்கறதுக்கு, இந்த அரிசிப் பைய மேட்டுக்காட்டுல என்ற நாத்தனா ஊட்டுல குடுத்துடலாமில்லீங்க? கனத்துக்குக் கனமும் ஆச்சு, ஒதவிக்கு ஒதவியும் ஆச்சு."

அன்பழகனுக்கு ஒரு குணம். வாங்கிய அடியைத் தாங்குவார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. மணலைக் கொட்டிவிட்டு அரிசியை ஏற்றிக்கொண்டார்.

நாத்தனார் வீட்டில் அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பப் புறப்பட்டார்.

"ஊட்டுக்கு வந்தவிய ஒரு வாய் தண்ணி குடிக்காமப் போறதாவது! உக்காருங்க சாமி."

தண்ணீர் என்றால் அந்தப் பக்கத்தில் தண்ணீர் மட்டும் அல்ல. முதலில் சொம்புத் தண்ணீர், பிறகு காப்பி, காப்பி வெறும் வயிற்றுக்கு ஆகாது என்று நான்கு இட்லி, இட்லி தொண்டையில் நிற்கக்கூடாது என்று ஒரு டம்ளர் மோர். புறப்படும்போது, வெறும் பையோடு அனுப்புவது மரியாதை இல்லை என்று ஏழு தேங்காய்.

ஐந்து கிலோமீட்டரை அன்பழகன் ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடித்தார்.

மூன்றாம் நாளுக்குள் செய்தி பரவிவிட்டது. மேட்டுக்காட்டுக்குத் தையல் துணி, மாட்டுக்கு மருந்து, கல்யாணப் பத்திரிகை, ஒரு மிக்ஸி. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாய் தண்ணீர். பத்திரிகை வைத்த வீட்டில் ஒப்பிட்டு என்கிற இனிப்புப் போளி கொடுத்தார்கள். வேண்டாம் என்றால் முகம் வாடும். முகம் வாடினால் அன்பழகனுக்குத் தாங்காது.

நான்காம் நாள், யாரும் இல்லாத கோழிப்பண்ணை வழியாகச் சுற்றிக்கொண்டு போனார். அங்கே பண்ணைக்கார அங்கமுத்து நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க மாப்ள! ஊர்ச் சாமானெல்லாம் தூக்கறீங்க, நம்ம சாமான் மட்டும் கசக்குதாக்கும்?"

"ஐயோ, அப்படியெல்லாம் இல்லீங்க மாமா."

"அப்ப இந்த ரெண்டு ட்ரே முட்டைய மேட்டுக்காட்டுல என்ற தங்கச்சி கடையில எறக்கிடுங்க. அறுவதுதான்."

அறுபதில் பதினொன்று போய்ச் சேரவில்லை. மஞ்சள் கரு முதுகு வழியாக வழிந்து காலணிக்குள் இறங்கியது. மூன்று நாய்கள் வீடுவரை மரியாதையாகப் பின்தொடர்ந்து வந்தன.

"ஏனுங்க, ஓடப் போனீங்களா, ஆம்லெட் போடப் போனீங்களா?" என்றாள் மனைவி அமுதவல்லி, வாளியில் தண்ணீரோடு.

பதினொரு முட்டையை உடைத்தது அன்பழகனின் மனதை உறுத்தியது. மறுநாள் அடியைச் சிறிதாக்கி, இடுப்பை அசைக்காமல், தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடிப் பார்த்தார். நான்குதான் உடைந்தது. அதற்கடுத்த நாள் ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஆனால் முட்டையைப் பத்திரமாகக் கொண்டுவருகிறவரை அங்கமுத்துவின் தங்கை சும்மா அனுப்புவாளா? இரட்டை ஆம்லெட்.

ஒன்பதாம் நாள் அங்கமுத்துவின் தீவனத் தராசில் ஏறி நின்றார். இரண்டு கிலோ கூடியிருந்தது.

அன்று மாலை காலணியைத் துடைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்.

"போதும் அமுதா. ஓடறதுக்குப் பதிலா ஊருக்கு ஊரு விருந்துக்குப் போயிட்டிருக்கேன். இந்த உடம்புக்கு இனி ஒண்ணும் ஆகாது. ஹவில்தாரா வந்தாலும் நீ சோறு போடுவேயில்ல?"

"போடுவேனுங்க," என்றாள் அமுதவல்லி. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள்.

வாசற்படியில் உட்கார்ந்து மிட்டாய் சப்பிக்கொண்டிருந்த இனியா இதைப் பார்த்தாள். வாயிலிருந்த மிட்டாயைக் கடித்து முழுங்கிவிட்டு எழுந்து எங்கேயோ போனாள். வெகு நேரம் கழித்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

பத்தாம் நாள் காலை ஐந்து நாற்பதுக்கு அலாரம் அடித்தது. இனியா அப்பாவை உலுக்கினாள்.

"அப்பா, எந்திரிங்க! சடையன் தாத்தாவுக்கு பிரஷராம். மாத்திரை குடுக்கோணும்."

மேட்டுக்காட்டையும் தாண்டி, ஊரிலிருந்து மூன்றாவது கிலோமீட்டரில் தனிக்காட்டு வீட்டில் இருப்பவர் சடையன். பதினெட்டு வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே சுற்றிவிட்டு, இப்போது நான்கு ஆடுகளோடு ஓய்வாக இருக்கிறார்.

"மாத்திரைய அவரே வச்சுக்கக் கூடாதா கண்ணு?"

"மறதியாம்ப்பா. வச்சா எல்லாத்தையும் ஒரே நாள்ல முழுங்கிடுவாராம். அதனால தெனமும் ஒண்ணுதான் குடுக்கோணும்னு நர்ஸ் அக்கா என்கிட்டத்தான் பொறுப்பு விட்டிருக்காங்க. ஆறு மணிக்குள்ள போகோணும்." காகிதத்தில் மடித்த சின்னப் பொட்டலத்தை அவர் கையில் வைத்து மூடினாள். "பிரிக்கக் கூடாது. காத்துப் பட்டா வீரியம் போயிடும்."

கடிகாரத்தைப் பார்த்தார். இருபது நிமிடம். மூன்று கிலோமீட்டர். ஒரு மனிதனின் இரத்த அழுத்தம்.

கட்டிலுக்கு அடியிலிருந்து காலணி வெளியே வந்தது. முந்தின நாள் ஏற்றிய சாமான்கள் பையிலேயே இருந்தன. இறக்கி வைக்க நேரம் இல்லை. அப்படியே முதுகில் மாட்டிக்கொண்டு ஓடினார்.

அறிவுச்செல்வி கை காட்டினாள். "தம்பி, ஒரு நிமிசம்..."

"மாத்திரைங்க அக்கா! மாத்திரை!"

அங்கமுத்து வழிமறித்தார். "மாப்ள..."

"மாத்திரை மாமா! உசுரு விசயம்!"

மேட்டுக்காட்டில் இட்லித் தட்டோடு நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஐந்து ஐம்பத்தொன்பதுக்குச் சடையன் வீட்டு வேலிப் படலுக்குப் போய்ச் சேர்ந்தார். சடையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.

"வாங்க சாமி," என்று கொட்டாவி விட்டுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். பக்கத்தில் ஒரு கருப்பு ஆடு நின்று பார்த்தது.

மறுநாளிலிருந்து ஊரே பொறுப்பாகிவிட்டது. ஓடுகிறவரை நிறுத்தக் கூடாது என்று அறிவுச்செல்வி உத்தரவு போட்டாள். சாமானை முதல்நாள் மாலையே அன்பழகன் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியது. அந்தந்த வீட்டுக்காரர்கள் சாலையோரம் நின்று, அவர் கடக்கும்போது பையிலிருந்து அவரவர் சாமானை உருவிக்கொள்ள வேண்டியது. முட்டை ட்ரேயை அங்கமுத்துவின் தங்கை கூடவே பத்தடி ஓடி வாங்கிக்கொள்வாள். நோயாளிக்கு ஆகட்டும் என்று ஆளுக்கு ஆள் கொள்ளும் கேழ்வரகும் அகத்திக்கீரையும் திணித்ததில், சடையன் வீடு போகும்வரை பை இருபது கிலோவுக்குக் குறையவில்லை.

ஒரு வாரம் ஆனதும் இனியா புதுச் செய்தி கொண்டுவந்தாள்.

"அப்பா, இனிமே அஞ்சு அம்பத்தெட்டுக்கு."

"அஞ்சு அம்பத்தெட்டா? அது என்ன கண்ணு நேரம்?"

"உங்களுக்கு வைத்தியம் தெரியுமாப்பா?"

"தெரியாது."

"அப்பறம்?"

அதற்கடுத்த வாரம் அது ஐந்து ஐம்பத்தேழு ஆயிற்று. சடையன் உடம்பு மோசமாகிறதோ என்ற கவலையில் அன்பழகனுக்குக் கால் இன்னும் விரைவாக ஓடிற்று. கோயிலில் தனக்காக வேண்டிக்கொள்வதை விட்டுவிட்டுச் சடையனுக்காக வேண்டிக்கொள்ளத் தொடங்கினார். கருப்பு ஆடு மட்டும் நாளுக்கு நாள் உற்சாகமாக இருந்தது. தூரத்தில் அவர் தலை தெரிந்ததுமே துள்ளிக்கொண்டு வந்து கையை நக்கும்.

"வாயில்லாச் சீவன், எசமானுக்கு மருந்து கொண்டார்றவன அடையாளம் தெரியுது பாரு," என்று அமுதவல்லியிடம் சொல்லிச் சொல்லி நெகிழ்ந்தார்.

வீட்டில் இன்னொரு மகிழ்ச்சி. இனியா மிட்டாய் தின்பதை அடியோடு விட்டுவிட்டாள்.

"பல்லு கெட்டுப் போயிடுமேன்னு அவளே புரிஞ்சுகிட்டா அமுதா. எத்தனை புள்ளைக்கு வரும் இந்த புத்தி?"

"அப்படிங்களா?" என்ற அமுதவல்லி, பாதி காலியாகியிருந்த மிட்டாய் டப்பாவை ஒருமுறை பார்த்துவிட்டு அலமாரியில் வைத்தாள்.

முப்பது பொட்டலம் ஆயிற்று. விடுமுறை முடிந்தது. ரயிலேறும்போது அன்பழகனுக்கு ஒரே மனக்குறை.

"ஒரு நாளாவது ஒழுங்கா அஞ்சு கிலோமீட்டர் பயிற்சி எடுக்கல அமுதா. முழுக்க ஊர்ச் சோலியாவே போச்சு. நான் தேறமாட்டேன். நான் இல்லாதப்ப அந்தப் பெரியவருக்கு மாத்திரைய மட்டும் யாருகிட்டயாவது சொல்லிக் குடுத்துடு."

தேர்வு நாளில் பையை முதுகில் மாட்டியதும் திடுக்கிட்டார். ஏதோ ஒரு சாமானை ஏற்ற மறந்தவர் போலக் கை தானாகப் பின்னால் போய்த் தடவியது. பை அவ்வளவு இலேசாக இருந்தது. ஓடும்போது இட்லித் தட்டு இல்லை, நாய் இல்லை, வழியில் யாரும் எதையும் உருவவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் ஓடிக்கொண்டே இருந்தார். இருபத்தேழு நிமிடம் பத்து விநாடியில் பாதை முடிந்துபோயிற்று.

அடுத்தது, ஓர் ஆளைத் தோளில் சுமந்து இருநூறு மீட்டர் கடக்கும் சோதனை. சுமக்கப்பட்டவன் இறங்கும்போது, "தூக்கமே வந்துவிட்டது," என்றான்.

பயிற்சி கொடுத்த இளைஞர் ஓடி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். "பை அசையவே இல்லையே! எப்படிச் செய்தீர்கள்?"

"எல்லாம் மாத்திரையால்தான்," என்றார் அன்பழகன் உண்மையாக.

இளைஞரின் முகம் மாறியது. அரை மணி நேரத்தில் அன்பழகனுக்கு இரத்தச் சோதனை எடுத்துவிட்டார்கள். இரத்தத்தில் கொஞ்சம் மோர் இருந்திருக்கலாம், வேறொன்றும் இல்லை.

அடுத்த விடுமுறைக்கு நாயப் சுபேதார் அன்பழகன் ஊருக்கு வந்தார். இனியாவுக்கு மிட்டாய் டப்பா; சடையனுக்கு, விசாரித்து வாங்கிய நல்லதொரு பிரஷர் பார்க்கும் கருவி. பெட்டியை இறக்கி வைத்த கையோடு சடையன் வீட்டுக்குப் போனார்.

மத்தியானம். வேப்பமர நிழலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்த சடையனின் கையில் பட்டையைச் சுற்றிப் பொத்தானை அழுத்தினார். கருவி உறுமி அடங்கியது. நூற்றிருபது, எண்பது.

"பாத்தீங்களா!" என்றார் அன்பழகன், கண் பனிக்க. "மருந்து எப்படி வேலை செஞ்சிருக்குது!"

"என்ன மருந்துங்க சாமி?"

"பிரஷருக்குப் போன வருசம் நான் தெனமும் கொண்டாந்து குடுத்தேனே..."

சடையன் தலையைச் சொறிந்தார். பட்டையைக் கழற்றிக் கட்டிலில் வைத்தார்.

"எனக்கு எப்பங்க பிரஷர் வந்துச்சு? எனக்கு இருக்கறது சக்கரைங்க. மிட்டாயெல்லாம் ஆகாது. அந்தக் கருப்பாட்டுக்குத்தான் போட்டேன். அதுக்கு பிரஷர் இருந்திருந்தா இந்நேரம் கொணமாயிருக்கும்."

அன்பழகன் ஆட்டைப் பார்த்தார். ஆடு அவர் சட்டைப் பையைப் பார்த்தது.

"மிட்டாயா?"

"பச்சையா, புதினா வாசத்துல. உங்க பாப்பா ஒருநாள் சாயங்காலம் சைக்கிள்ல வந்துச்சுங்க. 'எங்கப்பா அவருக்காக ஓடச் சொன்னா படுத்துக்குவாரு, மத்தவிங்களுக்குன்னா ஓடுவாரு. அவரு பாஸாகற வரைக்கும் நீங்க நோயாளியா இருக்கறீங்களா தாத்தா?'ன்னு கேட்டுச்சு. கொழந்தை கேக்குது, எப்படிங்க முடியாதுங்கறது? சரின்னுட்டேன்."

அன்பழகன் கருவியின் பட்டையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"நோயாளியா இருக்கறது ஒண்ணும் செரமமில்லீங்க," என்று சடையன் வெள்ளையாகச் சிரித்தார். "அந்நேரத்துக்கு எந்திரிச்சு நிக்கறதுதான்... பதினெட்டு வருசம் ரிக்குல விடிய விடியக் கண்ணு முழிச்சவன். ஊருக்கு வந்தா எட்டு மணி வரைக்கும் தூங்கோணும்னு ஒரே ஒரு ஆசைங்க. அந்த முப்பது நாளு கொஞ்சம் கண்ணு எரிஞ்சுது. அட, அதனால என்ன. ஒரு வாய் தண்ணி குடிங்க சாமி."

அன்பழகன் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். காப்பி, அவித்த கடலை, மோர் எல்லாவற்றையும் மறுக்காமல் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இனியாவிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் புது டப்பாவைத் திறந்து ஒரே நேரத்தில் இரண்டு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள்.

"பல்லு?" என்றார்.

"அது போன வருசம்ப்பா," என்றாள் இனியா.

அன்று மாலை அறிவுச்செல்வியின் கடையில் பச்சைப் புதினா மிட்டாய் இருக்கிறதா என்று விசாரித்து, எண்ணி முப்பது வாங்கினார்.

"யாருக்குங்க தம்பி இத்தனை?"

"பிரஷருக்குங்க அக்கா," என்றார்.

மறுநாள் கிழக்கே கொல்லிமலைக்குப் பின்னால் வானம் லேசாக வெளுக்கும் நேரம். சடையன் வீட்டுப் படல் சத்தமில்லாமல் திறந்தது. ஒருவர் உள்ளே வந்து, அகத்திக்கீரைக் கட்டு ஒன்றை முதுகிலிருந்து இறக்கி ஆடுகளுக்குப் பிரித்துப் போட்டார். பட்டியைக் கூட்டினார். குழாயடிக்கும் வீட்டுக்குமாகப் பத்து நடை நடந்து, ஒரு சொட்டு சிந்தாமல் தொட்டியை நிரப்பினார். உள்ளே குறட்டை ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

இன்னும் இருபத்தொன்பது விடியல் பாக்கி.

கருப்பு ஆடு அவரை அடையாளம் கண்டுகொண்டு, கத்துவதற்குத் தலையைத் தூக்கியது. அவர் அவசரமாகக் காகிதத்தைப் பிரித்து அதன் வாயில் ஒரு பச்சை மிட்டாயைப் போட்டார். ஆடு சப்பிக்கொண்டே, அவர் படலைச் சாத்திவிட்டுப் போவதைப் பார்த்தது. ஒரு சத்தமும் போடவில்லை.